ஓட்டிப் பார்க்க வண்டி இல்லை, முன்பணத்துக்கு ரசீது உண்டு

கிருஷ்ணகிரியில் பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டி இயங்கும் ஒரு கார் ஷோரூமைப் பற்றிய மதிப்புரை இது. அங்கே விற்கப்படுவது எந்த நிறுவனத்தின் வண்டி என்பதை வேண்டுமென்றே சொல்லாமல் விடுகிறேன். நான் எழுதப் போகும் குறையைத் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் கார் வாங்க அலைந்த என் நண்பர்கள் சிலரும் வேறு வேறு பெயர்ப் பலகைகளின் கீழே சந்தித்திருக்கிறார்கள். ஒரு பெயரைச் சொல்லி ஒதுக்கிவிட்டால் அடுத்த கடையில் அது இருக்காது என்ற எண்ணம்தான் வாசகருக்கு ஏற்படும். குறை இதுதான்: டர்போ பெட்ரோல் எஞ்சினும் இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக் கியரும் கொண்ட, இழுவைக்காகவும் வேகத்துக்காகவும் மட்டுமே கூடுதல் விலை கொடுத்து வாங்கப்படும் மேல்ரக மாடலை ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டிப் பார்க்க விடாமல், 50,000 ரூபாய் முன்பணம் கட்டினால் மேற்கொண்டு பேசலாம் என்றார்கள்.

மற்ற வகையில் அது நல்ல கடை. உள்ளே நுழைந்ததும் காத்திருக்க வைக்கவில்லை. என் பழைய வண்டிக்கு மதிப்புப் போட வந்த இளைஞர் பெயிண்டின் தடிமனை அளக்கும் கருவியோடு வந்து, இடப்பக்கப் பின்கதவு ஒருமுறை மறுபூச்சு கண்டிருப்பதைச் சரியாகவே கண்டுபிடித்தார். கொட்டேஷனில் எக்ஸ்-ஷோரூம் விலை, சாலை வரி, காப்பீடு, 10 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட வண்டிக்கு வசூலிக்கும் ஒரு சதவீத டி.சி.எஸ். (விற்பவர் வாங்குபவரிடம் பிடித்து அரசுக்குக் கட்டும் வரி) ஆகியவை தனித்தனி வரிகளாக இருந்தன. ‘இதர கட்டணம்’ என்ற தலைப்பில் எதையும் மூடி மறைக்கவில்லை. வரிக் கணக்கு எழுதுவதே என் தொழில் என்பதால் இதை நான் சற்று உன்னிப்பாகவே பார்ப்பேன். சாதாரண எஞ்சின் உள்ள வண்டியை வாங்க நினைப்பவருக்கு இந்தக் கடையை நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். அதற்கான டெமோ வண்டி வாசலிலேயே நிற்கிறது. கேட்டால் வீட்டுக்கே கொண்டு வருகிறார்கள்.

டர்போ மாடலைக் கேட்டதும் பேச்சின் போக்கு மாறியது. “அதுக்கு டெமோ வண்டி இங்க இல்லீங்க சார், சேலம் மெயின் பிராஞ்சுலதான் இருக்கு” என்றார் விற்பனைப் பிரிவு இளைஞர். அதை ஒருநாள் இங்கே வரவழைக்க முடியுமா என்றதற்கு, அங்கேயே கேட்பவர்கள் வரிசையில் இருப்பதால் அனுப்ப மாட்டார்கள் என்றார். சரி, நானே சேலத்துக்குப் போகிறேன், நாள் குறித்துத் தாருங்கள் என்றதற்கு, முன்பதிவு எண் இருந்தால்தான் அங்கே நேரம் ஒதுக்குவார்கள் என்றார். ஆக, டெமோ வண்டி இல்லை என்று தொடங்கிய பதில், வண்டி இருக்கிறது, ஆனால் பணம் கட்டியவருக்கு மட்டும் என்ற இடத்தில் வந்து நின்றது. ஷோரூமுக்குள் விளக்கொளியில் நின்ற அதே மாடலின் இருக்கைகளிலும் கதவுப் பிடிகளிலும் பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படாமல் இருந்தது. முன் கண்ணாடியின் மூலையில் ஒரு வாடிக்கையாளரின் பெயரை ஸ்கெட்ச் பேனாவால் எழுதிய தாள் ஒட்டப்பட்டிருந்தது. விற்றுப்போன அந்த வண்டியை எனக்கு ஓட்டத் தராதது சரிதான்; என் வண்டியையும் நாளை இப்படி இன்னொருவருக்கு ஓட்டத் தந்தால் நான் சும்மா இருக்க மாட்டேன்.

பிறகு மேலாளர் வந்தார். அவர் சுற்றி வளைக்கவில்லை. “சார், இந்த மாடலுக்கு டெஸ்ட் டிரைவ் கேக்கறவங்களே கம்மி. யூடியூப்ல பார்த்துட்டு நேரா வந்து புக் பண்ணிட்டுப் போயிடறாங்க. எட்டு வாரம் வெயிட்டிங் வேற.” அன்று அந்தக் கடையில் நான் கேட்டவற்றுள் மிக நேர்மையான பதில் இது என்றே கருதுகிறேன். டெஸ்ட் டிரைவ் என்பது வாங்கத் தயங்குபவரை வாங்க வைக்கும் செலவு. தயக்கமே இல்லாமல் வரிசையில் நிற்கும் கூட்டம் இருக்கும்போது அந்தச் செலவை எதற்குச் செய்ய வேண்டும் என்பதே அவர் கணக்கு. ஓட்டிப் பார்ப்பது வாங்குபவரின் தேவை என்ற எண்ணம் அந்தக் கணக்கில் எங்கும் வரவில்லை.

எனக்கு ஈடாகத் தர முன்வந்தது, அதே மாடலில் டர்போ இல்லாத எஞ்சினும் மேனுவல் கியரும் உள்ள டெமோ வண்டி. “பாடி ஒண்ணுதான் சார், ஸ்டியரிங் ஒண்ணுதான், எஞ்சின் மட்டும்தான் வேற” என்றார்கள். அந்த ‘எஞ்சின் மட்டும்’ என்பதற்குத்தான் நான் ஏறத்தாழ நான்கு லட்சம் ரூபாய் கூடுதலாகக் கொடுக்கப் போகிறேன். டர்போ எஞ்சினில் வெளியேறும் புகையின் விசையில் சுழலும் விசிறி, காற்றை அழுத்தி உள்ளே அனுப்புகிறது. எஞ்சின் சுழற்சி குறைவாக இருக்கும்போது அந்த அழுத்தம் முழுமையாகக் கிடைக்காது, ஆக்ஸிலரேட்டரை மிதித்த பிறகு வண்டி சற்று யோசித்துவிட்டு, பின் ஒரேயடியாக இழுக்கும். அந்த இடைவெளி எவ்வளவு என்பது வண்டிக்கு வண்டி மாறும். ஓட்டுபவரின் கால் பழக்கத்தைப் பொறுத்து அது ஒருவருக்குப் பொருட்டாகவே தெரியாது, இன்னொருவருக்கு எரிச்சலூட்டும். எந்தக் காணொலியும் அதை என் காலுக்குச் சொல்லிவிட முடியாது.

கியர்ப்பெட்டி இன்னும் முக்கியமானது. இரட்டை கிளட்ச் அமைப்பில் ஒற்றைப்படை கியர்களுக்கு ஒரு கிளட்ச், இரட்டைப்படை கியர்களுக்கு மற்றொன்று. ஒன்று வேலை செய்யும்போதே அடுத்த கியர் தயாராக நிற்பதால் நெடுஞ்சாலையில் கியர் மாறுவது கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும். ஆனால் வண்டி ஊர்ந்து செல்லும்போது கிளட்ச் பாதி பிடித்தும் பாதி வழுக்கியும் இயங்க வேண்டியிருக்கிறது. எண்ணெயில் மூழ்காத உலர் கிளட்ச் வகையாக இருந்தால் அங்கே சூடு ஏறும், சில வண்டிகளில் லேசான குலுக்கலும் தெரியும். கிருஷ்ணகிரி சுங்கச்சாவடியில் திருவிழா விடுமுறையின் கடைசி நாள் மாலை நிற்கும் வரிசையை அறிந்தவர்களுக்கும், ஓசூருக்குள் காலை நேரத்தில் நுழைந்து வெளியேறுபவர்களுக்கும் இது ஏட்டுப் பிரச்சினை அல்ல. அதேபோல், தருமபுரியிலிருந்து சேலம் நோக்கித் தொப்பூர் கணவாய்ச் சரிவில் இறங்கும்போது, முன்னால் ஒரு லாரி பிரேக் விளக்கை அணைக்காமலே போய்க்கொண்டிருக்க, பிரேக்கை மட்டும் நம்பாமல் கியரைக் குறைத்து எஞ்சினால் வேகத்தைப் பிடிக்க வேண்டும். ஆட்டோமேட்டிக் வண்டி அந்த நேரத்தில் சொன்ன கியரில் நிற்கிறதா, தானாக மேலே மாற்றிக்கொள்கிறதா என்பதை ஓட்டிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். டர்போ மாடலுக்கு மட்டும் தரப்படும் பெரிய சக்கரங்களும் பக்கச்சுவர் உயரம் குறைந்த டயர்களும் இராயக்கோட்டைச் சாலையின் ஒட்டுப்போட்ட பகுதிகளில் முதுகுக்கு என்ன செய்யும் என்பதும் அப்படியே. இவற்றில் ஒன்றைக்கூட மேனுவல் டெமோ வண்டி எனக்குக் காட்டியிருக்காது. அதனால் அதில் ஏறவில்லை.

கடைக்காரர்கள் சொன்ன காரணங்களில் இரண்டு கவனிக்கத் தக்கவை. முதலாவது செலவு. டெமோ வண்டியைக் கம்பெனி இலவசமாகத் தருவதில்லை. விற்பனையாளரே பணம் கொடுத்து வாங்கி, தம் பெயரில் பதிவு செய்து, காப்பீடு எடுத்து, சில ஆயிரம் கிலோமீட்டர் ஓடிய பிறகு பழைய வண்டி விலைக்கு விற்க வேண்டும். சிறிய ஊர்க் கிளைக்கு மேல்ரக மாடலில் ஒன்று கட்டுப்படியாகாது என்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் வரியும் சேர்ந்து முடங்கிப் போகிறது என்று மேலாளர் சொன்னதை ஏற்க முடியவில்லை. டெமோ வண்டிக்குச் செலுத்திய ஜி.எஸ்.டி.க்கு உள்ளீட்டு வரி வரவு, அதாவது வாங்கும்போது கட்டிய வரியைப் பின்னர் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளும் வசதி, உண்டா என்ற குழப்பம் முன்பு இருந்தது. 2024 செப்டம்பர் 10 தேதியிட்ட 231-ஆம் எண் ஜி.எஸ்.டி. சுற்றறிக்கை, தம் கணக்கில் வண்டி வாங்கி விற்கும் டீலருக்கு அந்த வரவு உண்டு என்று தெளிவாக்கிவிட்டது. 2025 செப்டம்பர் 22 முதல் இந்த வகை வண்டிக்கு ஜி.எஸ்.டி. 40 சதவீதம். 19.5 லட்சம் ரூபாய் வண்டியில் ஏறத்தாழ ஐந்தரை லட்சம் ரூபாய் வரி. விற்பனையாளர் கணக்கில் அந்தத் தொகை வரவாகத் திரும்புகிறது. பின்னர் டெமோ வண்டியை விற்கும்போது அதற்குரிய வரியைக் கட்டினால் போதும். முடங்குவது மீதிப் பணமும் அதற்கான வட்டியும்தான். அதுவும் செலவுதான், ஆனால் சொல்லப்பட்ட அளவு அல்ல.

வாங்குபவர் பக்கத்துக் கணக்கையும் இதே இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரையுள்ள காருக்கு வாழ்நாள் வரி 18 சதவீதம். அதற்கு மேல் போனால் 20. அதே 19.5 லட்சம் வண்டிக்கு மூன்றரை லட்சம் ரூபாய் வரியாகப் போகிறது. ‘ஓட்டிப் பார்த்தேன், ஒத்துவரவில்லை’ என்று ஒரு மாதம் கழித்து விற்க முனைந்தால் அந்த மூன்றரை லட்சத்தையும் அதே விலையில் யாரும் கொடுக்க மாட்டார்கள். எனக்கு எந்த வரவும் திரும்பாது. டெமோ வண்டி வைக்காமல் கடை மிச்சப்படுத்தும் செலவைவிடப் பெரிய இழப்பை ஒரே வாடிக்கையாளர் தலையில் ஏற்றிவிட முடியும் என்பதுதான் இதன் பொருள்.

இரண்டாவது காரணம் பொழுதுபோக்குக்கு வருபவர்கள். நண்பர்கள் நால்வர் ஏறிக்கொண்டு, ஒருவர் ஓட்ட மூவர் ரீல்ஸ் எடுக்க, எஞ்சின் சூடேறும் முன்பே சிவப்புக் கோடு வரை மிதித்து, நெடுஞ்சாலையின் நடுவே பிரேக்கைச் சோதிக்கும் கதையை விற்பனைப் பிரிவு இளைஞர் சொன்னபோது அவர் முகத்தில் மெய்யான அச்சம் இருந்தது. பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து போகிறவர் அவர்தான்; வண்டிக்கு ஒரு கீறல் விழுந்தால் முதலில் பதில் சொல்ல வேண்டியவரும் அவர்தான். இதற்கு என்னிடம் மறுப்பு இல்லை. ஆனால் இதற்கு வழி ஓட்டவே விடாமல் இருப்பது அல்ல. ஓட்டுநர் உரிமத்தைச் சரிபார்க்கலாம், ஏற்கெனவே உள்ள வண்டியின் விவரத்தைக் கேட்கலாம், முதல் பாதியை ஊழியரே ஓட்டிக் காட்டிவிட்டுத் திரும்பும்போது மட்டும் தரலாம், திரும்பக் கிடைக்கும் ஒரு சிறு தொகையை வைப்பாகக்கூட வாங்கலாம். நான் நரைத்த தலையோடும் மனைவியோடும் பழைய வண்டியின் ஆர்.சி.யோடும் போனவன், ரீல்ஸ் எடுக்க வந்தவனாக என்னைக் கருத அதிகக் கற்பனை வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பவர்களுக்கு: டெஸ்ட் டிரைவ் தந்தே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் தனிப் பிரிவு 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இல்லை. பொருளின் தரம், திறன், விலை பற்றி அறியும் உரிமை உண்டு. அதை ஓட்டிப் பார்க்கும் உரிமையாக நீட்டிப்பது வழக்கறிஞரின் சாமர்த்தியத்தைப் பொறுத்தது. அதே நேரத்தில், பதிவாகாத வண்டியைச் சாலையில் எடுக்கவே கூடாது என்று சில கடைகளில் சொல்லும் பதிலும் முழு உண்மை அல்ல. பதிவாகாத வண்டியைச் சாலையில் எடுக்க விற்பனையாளர்களுக்கு வழங்கப்படும் வணிகச் சான்று (டிரேட் சர்டிபிகேட்), வாங்க வருபவருக்கு ஓட்டிக் காட்டுவதற்காகவும்தான் ஏற்படுத்தப்பட்டது. ஒரு பொருளை வாங்குவதற்கு இன்னொன்றை வாங்க வேண்டும் என்று நிபந்தனை வைப்பதை அதே சட்டம் தெளிவாகவே கட்டுப்படுத்தும் வணிக நடைமுறை என்கிறது. எனவே வேண்டாத ஆக்சசரீஸ் தொகுப்பைத் தலையில் கட்டினால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கத் தயங்க வேண்டாம். இந்தக் கடையில் அப்படி எதுவும் செய்யவில்லை.

வேகமான வண்டியை ஓட்டாமலே வாங்கும் பழக்கம் நம் ஊரில் மட்டும் வந்ததல்ல. 2025-இல் வோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜி.டி.ஐ. முதல் தொகுதியாக வந்த 150 வண்டிகளுக்கு, முன்பதிவு செய்யவே இணையத்தில் வினாடி வினா எழுத வேண்டியிருந்தது; அப்படியும் தீர்ந்துபோயின. முழுமையாக இறக்குமதியாகும் அத்தகைய வண்டிகள் எண்ணிக்கையில் குறைவு, விலை அரைக் கோடி. அங்கே ஊருக்கு ஊர் டெமோ வண்டி எதிர்பார்ப்பது பேராசை. ஆனால் வரிசை நீளமாக இருந்தாலும் முறையாகச் செய்ய முடியும் என்பதற்கும் எடுத்துக்காட்டு உண்டு. மஹிந்திரா தன் பி.இ. 6, எக்ஸ்.இ.வி. 9இ மின்சாரக் கார்களுக்கு 2025 ஜனவரி 14 முதல் ஊர் ஊராகப் பிரித்து டெஸ்ட் டிரைவைத் தொடங்கி, பிப்ரவரி 14 அன்றுதான் முன்பதிவைத் திறந்தது. முதல் நாளிலேயே 30,179 பேர் பதிவு செய்தார்கள். ஓட்டக் கொடுத்ததால் வியாபாரம் குறைந்ததாகத் தெரியவில்லை.

நான் கடைசியில் ஓட்டியது ஓசூரில், அதே கம்பெனியின் வேறொரு டீலரிடம். அவர்களிடம் டர்போ டெமோ வண்டி சொந்தமாகவே இருந்தது. உரிமத்தைப் படம் எடுத்துக்கொண்டு, சேதம் ஏற்பட்டால் காப்பீடு போக மீதியை நான் ஏற்பதாக ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள், நியாயமான நிபந்தனை. சிப்காட் உள்சாலையில் ஷிப்ட் முடிந்து வரும் பேருந்துகளுக்குப் பின்னால் ஊர்ந்தபோது, முதல் கியருக்கும் இரண்டாவதுக்கும் இடையே வண்டி முடிவெடுக்க முடியாமல் தடுமாறுவது ஸ்டியரிங் வரை தெரிந்தது. நெடுஞ்சாலையில் ஏறி லாரியைத் தாண்டியபோது அதே கியர்ப்பெட்டி வெண்ணெய் போல வேலை செய்தது. பின்னிருக்கையில் இருந்த மனைவி, “வேகத்தடை ஒவ்வொண்ணும் முதுகுக்குத் தெரியுதுங்க” என்றார். திரும்பி வந்ததும் அதே எஞ்சின் மேனுவல் கியரோடு வருகிறதா என்று விசாரித்தோம். வருகிறது, சக்கரம் ஓர் அங்குலம் சிறியது, விலையும் ஒரு லட்சத்துக்கு மேல் குறைவு. அதைத்தான் பதிவு செய்திருக்கிறோம். கிருஷ்ணகிரிக் கடை சொன்னபடி 50,000 ரூபாயைக் கட்டியிருந்தால், எனக்கு ஒத்துவராத கியர்ப்பெட்டிக்கு எட்டு வாரம் காத்திருந்திருப்பேன்.

அந்த முன்பணப் படிவத்தையும் நான் கேட்டு வாங்கிப் படித்தேன். ரத்து செய்தால் ‘நிர்வாகக் கட்டணம்’ பிடிக்கப்படும் என்றிருந்த வரியில் தொகை எழுதும் இடம் வெறுமையாக இருந்தது. அதை நிரப்பித் தருமாறு கேட்டபோது, வழக்கமாக முழுப் பணத்தையும் திருப்பித் தந்துவிடுவோம் என்று வாயால் உறுதி சொன்னார்களே தவிர, எழுதித் தரவில்லை. ஓட்டாமல் பதிவு செய்யத்தான் வேண்டும் என்ற நிலையில் இருப்பவர்கள், டெஸ்ட் டிரைவுக்குப் பின் ஏழு நாளுக்குள் ரத்து செய்தால் முழுத் தொகையும் திரும்பும் என்ற ஒரு வரியை முத்திரையோடு வாங்கிக்கொண்டு பணத்தைக் கட்டுவது நல்லது. அதைக் கேட்டால் முகம் சுளிக்கும் கடையில் கட்டாமல் இருப்பது அதனினும் நல்லது.

சாதாரண மாடலுக்கு இந்தக் கடைக்கு ஐந்தில் நான்கு தருவேன். டர்போ மாடலுக்கு ஒன்றரை, அதுவும் கொட்டேஷனின் தெளிவுக்காக. கம்பெனியின் உத்தரவாதம் அதன் எந்த அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் மையத்திலும் செல்லும் என்பதால், ஓசூரில் வாங்கும் வண்டியை சர்வீஸுக்குக் கிருஷ்ணகிரியில் இவர்களிடமே விடுவதாக இருக்கிறேன். முதல் சர்வீஸ் முடிந்ததும் அந்தப் பிரிவைப் பற்றித் தனியாக எழுதுகிறேன்.